மேய்ச்சல் கோழி முட்டை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் கோழிகளும் சுகம். நீ, அண்ணி, உன் மகள் வாலு, வாலுக்குப் பிறந்த குட்டிவாலு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் விடாமல் எழுது.

போனில் பேசினால் பத்தாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, எழுதி முடிக்கிறதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்று உன் மாப்பிள்ளை தீர்ப்புச் சொன்னதிலிருந்து இந்தக் கடித வியாபாரம் நடக்கிறது. இதில் அவருக்கும் லாபம். நான் எழுதுகிற நேரம் மட்டும்தான் வீடு அமைதியாக இருக்கிறதாம்.

உன் லாரி போன வாரம் வந்தது. நகரத்து ஜனங்கள் குளித்து, துவைத்து, கழுவிக் கொட்டியதையெல்லாம் நீ தேக்கி வைத்துப் பிழிந்து, மிஞ்சின கசடுக்குக் 'கேக்' என்று பேர் வைத்து அனுப்புகிறாய். கழிவுநீர் நிலையத்துக்காரர்களுக்கு இவ்வளவு குசும்பு ஆகாது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதைப் போட ஆரம்பித்த பிறகுதான் என் சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கோழிகளுக்கோ லாரி வந்தால் கல்யாணம். டிரைவர் மீசைக்காரர் வண்டியைத் திருப்புவதற்குள் பின்னாலேயே ஓடுகின்றன. கொட்டின இடத்தைக் கிளறிப் புழு பொறுக்கி, சாயங்காலம் கழுத்துப் பை புடைக்க வீடு திரும்புகின்றன.

கடைகளுக்கு முட்டை ஏற்றி வருகிற வேனில் உங்களுக்கு இரண்டு அட்டை முட்டை வருகிறது. கொட்டகையில் சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு மூட்டைத் தீவனம் தின்கிற கோழிகளின் முட்டையைத்தான் நான் விற்கிறேன். இது அதுவல்ல, வயலில் மேய்கிற கோழிகள் போட்டது. உடைத்துப் பார், மஞ்சள் கரு செங்கல் நிறத்தில் இருக்கும். கடைக்காரர் எத்தனையோ தரம் கேட்டும் இல்லை என்று கையை விரித்துவிட்டேன். தனக்கு மிஞ்சித்தான் தானம். பால் கொடுக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு உள்ளே போக வேண்டும். வாலு முகத்தைச் சுளித்தால் அத்தை திட்டினாள் என்று சொல்.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி வழக்கம்போல. குட்டிவாலு பகலில் தூங்குகிறாள், ராத்திரியில் எங்களை வேலை வாங்குகிறாள். வாலு உன் முட்டையை நீ சொன்னபடி சாப்பிடுகிறாள். வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்தே அதைத்தானே சாப்பிடுகிறாள், இனிமேலா முகம் சுளிக்கப் போகிறாள்.

ஒரு வேடிக்கை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பெண் வந்தாள். நான் பிழிகிற மெஷின் பக்கத்தில் மூக்கைப் பொத்தாமல் நின்ற முதல் ஆள் அவள்தான். கேக்கைக் கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டாள். கிருமியா, ஈயமா, எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன். அதையெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பார்க்கிறோம். அவள் தேடுவது வேறு.

"சோபா, மெத்தை, திரைச்சீலை, டிவியோட பின்பக்க மூடி எல்லாத்துலயும் சீக்கிரம் தீப்பிடிக்காம இருக்க ஒரு மருந்து கலக்கிறாங்க சார். அது தூசியா உதிரும். கையில, துணியில ஒட்டும். கழுவினா சாக்கடைக்குப் போகும். அங்கேயிருந்து உங்ககிட்ட வரும்."

"நான் பிழியறப்போ தண்ணியோட போயிடாதா?" என்றேன்.

"போகாது சார். தண்ணிக்கும் அதுக்கும் ஆகாது. கேக்லதான் ஒட்டிக்கிட்டு நிக்கும்."

இந்தக் கேக் எங்கே போகிறது என்று கேட்டாள். நான் சும்மா இருப்பேனா? என் தங்கச்சி வயலுக்குப் போகிறது, அங்கே மேய்கிற கோழி போடுகிற முட்டையைப் பார்த்தால் நீ கடை முட்டையைத் தொட மாட்டாய் என்று பெருமை அடித்துவிட்டேன். உடனே நோட்டை எடுத்தாள். உன் முட்டையில் கொஞ்சம் வேண்டுமாம், விற்கிறதிலும் மேய்கிறதிலும் தனித்தனியாக. அடுத்த வேனில் அனுப்பு. இந்தக் கடிதம் மீசைக்காரர் கையில் வருகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜனவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கம். எல்லோரும் சுகம். அண்ணியை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

ஆராய்ச்சிக்காரிக்கு முட்டை வைத்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றியது கொட்டகைக் கோழி. துணியில் சுற்றியது மேய்ச்சல் கோழி. படித்த பிள்ளை பார்க்கப் போகிறதே என்று துணியில் சுற்றியதெல்லாம் பெரிதாகப் பொறுக்கி எடுத்தேன். லாரிக்குப் பின்னால் முதலில் ஓடுகிற கிழட்டுக் கோழிகள் போட்டவை. வாலுக்கும் அவைதான்.

சோபாவில் மருந்து என்று படித்ததும் உன் மாப்பிள்ளை எங்கள் சோபாவை முகர்ந்து பார்த்தார். அதில் மருந்தும் இல்லை, பஞ்சும் இல்லை. ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்.

முடிவு வந்ததும் எழுது. என் முட்டைக்கு எத்தனை மார்க் என்று தெரிய வேண்டும்.

தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். அங்கேயும் அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

எழுதத் தாமதமாகிவிட்டது. மெஷின் பெல்ட் அறுந்து போய் வேலை அதிகம். அதனால் கொஞ்ச நாளைக்கு லாரி வராது. நீயும் எதிர்பார்த்து நிற்காதே.

இன்னொன்று. குழந்தைக்கு உடம்பில் சின்னச் சின்னதாகப் பொரிப்பொரியாக வந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. தாய் முட்டை சாப்பிடுவதால் இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஆகவே முட்டை அனுப்ப வேண்டாம். தப்பாக நினைக்காதே. சரியானதும் நானே எழுதுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் நலம். குழந்தைக்குப் பொரி அமுங்கிற்றா?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இது நீ எழுதின மாதிரி இல்லை, உன் ஆபீஸ் கிளார்க் எழுதின மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகக்கூட ஒரு வார்த்தை இல்லை. அவர் முகம் தொங்கிப் போய்விட்டது.

முட்டையால் பொரி வரும் என்றால் இத்தனை மாதம் வராதது இப்போது எப்படி வந்தது? அண்ணி ஏதாவது சொன்னாளா? கசடு போட்ட இடத்தில் மேய்கிற கோழி என்று அருவருப்பு வந்துவிட்டதா? அப்படி இருந்தால் நேராகச் சொல். நான் கோபித்துக்கொள்வேன், பிறகு ஆறிவிடுவேன். நீ வளைத்து வளைத்துப் பேசினால்தான் எனக்கு ஆறாது.

இந்த வாரமும் முட்டை அனுப்பியிருக்கிறேன். வாலு சாப்பிடாவிட்டால் நீயும் அண்ணியும் சாப்பிடுங்கள். நீங்கள் யாருக்கும் பால் கொடுக்கவில்லையே.

ஆராய்ச்சிக்காரி என்ன சொன்னாள்? அதைப் பற்றி மூச்சே விடவில்லை நீ.

தங்கை


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

முட்டை வந்து சேர்ந்தது. இனி வேண்டாம். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, அவள் மேல் பழி போடாதே. நீயும் மாப்பிள்ளையும்கூடக் கொஞ்ச நாள் முட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயதாகிறது, கொழுப்பு ஆகாது.

எல்லோரும் நலம்.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று இனிமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆராய்ச்சிக்காரி இங்கே வந்தாள். நீ அனுப்பினாய் என்று நினைத்து நான் வாசலுக்கே ஓடினேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்தாள். வெயிலில் வந்த பிள்ளையாயிற்றே என்று உள்ளே உட்கார வைத்து இரண்டு முட்டை அவித்து, உரித்து, உப்பு தூவிக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

"முட்டை சாப்பிட மாட்டியாம்மா?" என்றேன்.

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாங்க?" என்று கேட்டாள்.

அப்புறம் அவளே சொன்னாள். பாவம், அவள் என்ன செய்வாள். தீத்தடுக்கிற அந்த மருந்து உன் கேக்கில் இருக்கிறது. என் மண்ணில் இறங்கியிருக்கிறது. கோழி மண்ணோடு சேர்த்துத் தின்கிறது. கொழுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும் என்றாள். முட்டையில் கொழுப்பு மஞ்சள் கருவில்தானே. கொட்டகைக் கோழி முட்டையில் அநேகமாக ஒன்றுமில்லையாம், தாராளமாக விற்கலாமாம். மேய்ச்சல் கோழி முட்டையில்தான் இருக்கிறது. அதிலும் கிழட்டுக் கோழிகள் போட்டதில் மற்றதைவிட அதிகம்.

காசு கொடுத்து வாங்கினவனுக்கெல்லாம் சுத்தமான முட்டை. என் அண்ணன் மகளுக்கு மட்டும் பொறுக்கி எடுத்து விஷத்தை அனுப்பியிருக்கிறேன். ஊரில் ஒருத்தருக்கும் கொடுக்காமல், கேட்டவனை விரட்டிவிட்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது நான்தான்.

உனக்கு மார்ச் மாதமே தெரியும். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது அண்ணா. சொல்லியிருந்தால் நான் அந்தக் கடைசி அட்டையை அனுப்பியிருக்க மாட்டேன். நாங்களும் இந்த ஒன்றரை மாதம் சாப்பிட்டிருக்க மாட்டோம். கொழுப்பு ஆகாது என்று எழுதுகிறாயே, என்னை என்ன நினைத்தாய்?

வாலுக்குத் தெரியுமா? அவள் பாலில் இருக்குமா? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றது எனக்கு வேண்டாம்.

முட்டை வேன் இனி உங்கள் வீட்டில் நிற்காது என்பதால் இதைத் தபாலில் போடுகிறேன்.

தங்கை


மே 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ திட்டினது சரி. இன்னும் திட்டு.

பிப்ரவரி கடைசியிலேயே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெல்ட், பொரி என்று கதை கட்டினேன். கேக்கை நான் கொடுத்தேன், நீ அதை முட்டையாக்கித் திருப்பிக் கொடுத்தாய். இதில் உன்னிடம் எதைச் சொல்வது? "நீ அனுப்பினதைச் சாப்பிட்டுத்தான்" என்று ஒரு வரி எழுதினாலும் அது உன்னைக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். நீயோ மறுபடியும் முட்டை அனுப்பினாய்.

அந்த முட்டையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. குப்பையில் போட்டால் ஏதாவது நாய் தின்னும், ஏதாவது வயலுக்குப் போகும். உடைத்துச் சாக்கடையில் ஊற்றினால் அடுத்த நாளே என் தொட்டிக்குத் திரும்பி வந்துவிடும். எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும் என்று பேசிப் பேசியே வயதானவன் நான். என்னிடமிருந்து எங்கே போகும் என்று யோசித்தது இல்லை. கடைசியில் மெஷின் ரூமுக்குப் பின்னால் அடுக்கி வைத்தேன். அங்கேயே அழுகிற்று. எங்கள் இடத்தில் அழுகின முட்டை நாற்றம் யாருக்குத் தெரியப் போகிறது?

மேலதிகாரியிடம் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார். "இதுக்கு இவ்வளவுதான் இருக்கலாம்னு சட்டத்துல ஒரு அளவே இல்லப்பா. இல்லாத அளவை நாம எப்படித் தாண்டினோம்னு சொல்ல முடியும்?" என்றார். உன் வயலுக்கு லாரியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார். வேறு ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறாராம். கேக்கைத் தேக்கி வைக்க முடியாதே, தினமும் வருகிறதே. ஜனங்கள் கை கழுவாமல் இருப்பார்களா?

யார் மேல் கோபப்படுவது என்றும் புரியவில்லை. தீயில் வெந்து சாகக் கூடாது என்றுதான் அந்த மருந்தைப் போட்டிருக்கிறார்கள். நல்லதுக்குத்தான் செய்தார்கள், நீ செய்த மாதிரி.

வாலு விஷயம். "அத்தை முட்டை ஏன் வரலை? அத்தைகிட்ட சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சொல்லிவிட்டேன். பிறகு அவளே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து பாலைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னாள். நேற்று முடிவு வந்தது. இருக்கிறது. இதுவரை அவர்கள் பார்த்த தாய்மார்களில் இவள் பாலில்தான் அதிகம்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். "பால் குடுக்கிறதை நிறுத்தாதீங்க. தாய்ப்பாலோட நன்மை பெரிசு" என்றார்.

"உடம்புலேர்ந்து எடுக்க மருந்து இருக்கா டாக்டர்?" என்று வாலு கேட்டாள்.

"இல்லம்மா."

"பிள்ளைக்கு என்ன ஆகும்?"

"அதிகமா சேர்ந்தா மூளை வளர்ச்சியில, தைராய்டுல கொஞ்சம் குறை வரலாம். வராமலும் போகலாம். வளர வளரத்தான் தெரியும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தை அழுதது. வாலு கொடுப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொடுத்தாள்.

உன் மேல் அவளுக்கு ஒரு துளி கோபம் இல்லை. இதை நம்பு.

அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணிக்கும் வாலுக்கும் என் அன்பு. குழந்தை குப்புற விழுந்துவிட்டாளா?

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் வயலைப் பார்த்ததில்லை.

மேய்ச்சல் கோழிகளைக் கம்பிவலைக்குள் அடைத்துவிட்டேன். அறுத்துச் சாப்பிட முடியாது, விற்க மனசு வரவில்லை. யாருக்காவது சும்மா கொடுத்தால் அதைவிடப் பாவம். அவை என்னவோ முட்டை போடுவதை நிறுத்தவில்லை. உன் மாப்பிள்ளை குழி தோண்டிப் புதைக்கிறார். எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணிலேயே. மனுஷர் இப்போதெல்லாம் ஜோக் அடிப்பதில்லை. வீடு உண்மையாகவே அமைதியாகிவிட்டது.

மீசைக்காரர் லாரி இப்போது ஓடைக்கு அந்தப் பக்கத்து வயலுக்குப் போகிறது. சத்தம் கேட்டதும் என் கோழிகள் வலையில் வந்து மோதுகின்றன. நேற்று நான் அந்த வயல்காரரிடம் போய் எடுத்துச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"நீங்க வருஷக்கணக்கா வாங்கிப் போட்டு நல்லா வெளைய வெச்சிட்டீங்க. இப்ப எனக்கு வருதுன்னதும் விஷமாயிடுச்சா?"

அவர் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பெண் போய்ச் சொன்னால் ஒருவேளை கேட்பாரோ என்னவோ.

அவள் என் ரத்தத்தையும் உன் மாப்பிள்ளை ரத்தத்தையும் எடுத்துப் போயிருக்கிறாள். எங்களுக்கு என்ன, நாங்கள் காய்ந்த கட்டை. வாலுக்கு மறுபடி எப்போது பார்ப்பார்கள்? எனக்கு உடனே எழுது.

தங்கை


செப்டம்பர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். அண்ணி சுகம். குட்டிவாலு தவழ்கிறாள், நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறாள். இதுவரை பார்க்கிறதற்கு ஒரு குறையும் இல்லை. அவள் ஒரு நாள் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் நாங்கள் மூவரும் மூன்று மூலையில் நின்று அவளையே பார்க்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்புகிறாளா என்று அண்ணி ஒரு நாளைக்கு எத்தனை தரம் சோதிக்கிறாள் தெரியுமா?

நீ ஜூனில் எழுதினதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். முடிவு வரட்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது. வாலு பாலில் அது குறைந்திருக்கிறது. நன்றாகவே குறைந்திருக்கிறது. "அப்பா, இறங்கிடுச்சு" என்று வாலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். அண்ணி பாட்டுக்கூடப் பாடினாள், அது வேறு கொடுமை.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு பண்ணியிருப்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

மறுநாள் அந்தப் பெண் மெஷின் பக்கம் வந்தாள். நான் சந்தோஷமாக நன்றி சொன்னேன். அப்புறம் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு தொட்டியில் குறைந்தால் வேறு தொட்டியில் ஏறியிருக்க வேண்டும், அதுதானே என் வேலை. "மருந்து இல்லைன்னு டாக்டர் சொன்னாரே, அப்புறம் எப்படிம்மா குறைஞ்சது? எங்க போச்சு?" என்று கேட்டேன். அவள் ஜாடி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "பால்லதான் சார் போகும்" என்றாள். அவ்வளவுதான். ஏறின தொட்டி எது என்று புரிந்துவிட்டது.

வாலுக்கு இது தெரியாது. குறைந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குகிறாள், இத்தனை மாதத்தில் இப்போதுதான். இதை அவளிடம் சொல்வதா? சொன்னால் என்ன செய்வாள்? நிறுத்தினாலும் போனது திரும்பாது. டாக்டரும் கொடு என்றே சொல்கிறார். சொல்லாமல் இருந்தால் உன்னிடம் செய்த தப்பையே அவளிடமும் செய்கிறேன். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மாப்பிள்ளையை நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. உன் மாப்பிள்ளை சுகம். நீ கேட்டதாகச் சொன்னேன், தலையை ஆட்டினார்.

எங்கே போயிற்று என்று நீ கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ஜூலையில் எங்கள் ரத்தத்தின் முடிவைச் சொல்ல அந்தப் பெண் வந்திருந்தாள். வாலுக்கு இருந்ததைவிட எனக்கு அதிகம். "எனக்கு எப்பம்மா குறையும்?" என்று கேட்டேன். "மெதுவாத்தாங்க குறையும், வருஷக்கணக்குல. பிள்ளை பெத்துப் பால் குடுக்கிறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரமா..." என்று ஆரம்பித்தவள், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். நீ இரண்டு மாதம் என்னிடம் மறைத்தாய், நான் இரண்டு மாதம் உன்னிடம் மறைத்தேன். கணக்கு நேராகிவிட்டது.

உனக்குத் தெரியும், ஒரு பிள்ளைக்காக நான் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன் என்று. அவள் போன பிறகு கோழிகளுக்குத் தண்ணீர்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, எனக்குப் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருக்கிறது என்னோடு போகும், யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே என்றுதான் பிறகு அழுதேன்.

வாலிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதம் வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே அவள் எனக்குப் போன் செய்தாள். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசினாள். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன், பாவம் எனக்கே சேரட்டும்.

"அத்தை, பால்ல குறைஞ்சிடுச்சுன்னு அப்பா ரொம்பச் சந்தோஷமா இருக்கார். எங்க போச்சுன்னு அவருக்குத் தெரியாது. நான் மே மாசமே படிச்சித் தெரிஞ்சிக்கிட்டேன். நீங்க சொல்லிடாதீங்க, அவர் தாங்க மாட்டார்."

அதனால் நீ அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் அண்ணா. நீ சந்தோஷமாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அதையாவது அவளுக்குச் செய்.

பேசி முடித்த பிறகும் போனை இருவருமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நன்றாகக் குடிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை